அவதூறு வழக்கில் இழப்பீட்டுத் தொகை எப்படி முடிவாகிறது?

அவதூறு வழக்கில் ஒருவர் நூறு கோடி ரூபாய் கேட்டு அதையே தீர்ப்பாகப் பெறுகிறார். இன்னொருவர் வழக்கில் ஜெயித்தும் ஒரே ஒரு பவுண்டோடு வீட்டுக்குப் போகிறார். நீதிபதி இந்தத் தொகைகளை எந்த அடிப்படையில் எடுக்கிறார் என்பதே கேள்வி. கணக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. ஆனால் இஷ்டப்படி வீசப்படும் எண்ணும் அல்ல. இங்கிலாந்துப் பொதுச்சட்ட மரபில் (முந்தைய தீர்ப்புகளையே சட்டமாகக் கொள்ளும் மரபு) வரும் நாடுகளில், அதாவது இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து போன்றவற்றில், கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் நீதிமன்றம் யோசிக்கிறது. அமெரிக்கா மட்டும் பாதி வழியில் பிரிந்து போகிறது.

முதலில் ஒன்று. நோட்டீஸில் எழுதப்படும் தொகைக்கும் தீர்ப்பில் வரும் தொகைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை. நோட்டீஸ் தொகை எதிரியைப் பயமுறுத்த எழுதப்படுவது. தீர்ப்புத் தொகை மூன்று காரியங்களுக்காகக் கொடுக்கப்படுவது: கெட்டுப்போன பெயருக்கு ஈடு, வாதி பட்ட அவமானத்துக்கும் மன உளைச்சலுக்கும் ஆறுதல், அவர் மீது சொன்னது பொய் என்று ஊருக்கு அறிவிப்பது. பாடகர் எல்டன் ஜான் ஒரு பத்திரிகைக் குழுமத்தின் மீது போட்ட வழக்கில் 1995 டிசம்பரில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதைத் தெளிவாக வகுத்தது. 1993இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றமும் கார்சன் வழக்கில் இதே மூன்றையும் சொன்னது.

மூன்றில் கடைசியானதைப் பலர் கவனிப்பதில்லை. தொகையின் அளவை அதிகம் தீர்மானிப்பது அதுதான் என்பது என் கருத்து. 1972இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, புரூம் வழக்கில் சொன்ன காரணம் இன்றும் பல தீர்ப்புகளில் எடுத்தாளப்படுகிறது. அடங்கிப்போன அவதூறு பிற்காலத்தில் எங்கிருந்தாவது மறுபடி தலைதூக்கலாம். அப்போது வாதி ஒரு தொகையைக் காட்டி, ‘இது பொய் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்று அறிமுகமில்லாத ஒருவரையும் நம்பவைக்க முடிய வேண்டும். அதனால்தான் பண நஷ்டம் ஒரு பைசா இல்லாதவருக்கும் கணிசமான தொகை கிடைக்கிறது. பிரதிவாதி முன்பே முழு மனதோடு மறுப்பு வெளியிட்டிருந்தாலோ, காரணங்களை விரிவாக எழுதிய தீர்ப்பே வாதியின் பெயரைத் துலக்கிவிட்டாலோ, அதே தொகை குறைவதற்கும் இதுவே காரணம். பெயர் ஏற்கெனவே துலங்கிவிட்டால் பணம் செய்ய வேண்டிய வேலை குறைகிறது.

நீதிபதி தொடக்கத் தொகையை எடுக்கும்போது பார்ப்பவற்றில் முதல் இடம் குற்றச்சாட்டின் கனத்துக்கு. ஒருவரின் நேர்மை, தொழில் நாணயம், ஒழுக்கம் ஆகியவற்றின் மையத்தை எவ்வளவு நெருங்கித் தாக்குகிறதோ அவ்வளவு கனம். மருத்துவரை ‘பேசத் தெரியாதவர்’ என்பது ஒன்று. ‘தேவையில்லாத அறுவை சிகிச்சை செய்து பணம் பறிக்கிறார்’ என்பது வேறு. பயங்கரவாதம், பாலியல் குற்றம், ஊழல், சூதாட்ட மோசடி போன்றவை உச்சப் படியில் நிற்கும்.

அடுத்தது பரவல். இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. பத்திரிகையின் மொத்த விற்பனையையோ ஒரு கணக்கின் பின்தொடர்வோர் எண்ணிக்கையையோ அப்படியே வாசகர் எண்ணிக்கையாகக் காட்டினால் நீதிபதி ஏற்கமாட்டார். அந்தக் குறிப்பிட்ட பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை நாள் இருந்தது, யார் பகிர்ந்தார்கள், பார்த்தவர்களில் வாதியை அறிந்தவர்கள் யார் என்பதே கேள்வி. ஆனால் எண்ணிக்கை மட்டுமே எல்லாம் அல்ல. நியூசிலாந்து கிரிக்கெட் வீரர் கிறிஸ் கெய்ன்ஸ் மீது லலித் மோடி 2010இல் ட்விட்டரில் போட்ட சூதாட்டக் குற்றச்சாட்டை நேரடியாகப் பார்த்தவர்கள் சுமார் 65 பேர்தான் என்று கணக்கிடப்பட்டது. அதையொட்டி ஒரு கிரிக்கெட் தளத்தில் வந்த செய்தியைப் படித்தவர்கள் சுமார் 1,000 பேர். ஆனாலும் 2012இல் 90,000 பவுண்டு தீர்ப்பாகி, மேல்முறையீட்டிலும் நின்றது. கிரிக்கெட் உலகில் விஷயம் தெரிய வேண்டியவர்களுக்கு அது தெரிந்துவிட்டது. இணையத்தில் சொன்னது கசிந்து பரவும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அயர்லாந்தில் விமானி ஒருவரைப் பற்றி அவருடைய தொழில் வட்டத்துக்குள் ஒரு சில பேருக்கு மட்டும் போன மின்னஞ்சல்களுக்கு 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தது. தெருவில் போகும் ஆயிரம் பேர் படிப்பதைவிட வேலை கொடுக்கக்கூடிய மூன்று பேர் படிப்பது சில நேரம் பெரிய சேதம்.

பகிர்ந்தவரும் தப்ப முடியாது. சிங்கப்பூரில் ஒரு கட்டுரையின் இணைப்பைத் தன் கருத்து எதுவும் சேர்க்காமல் முகநூலில் பகிர்ந்தவருக்கு எதிராக, அந்நாட்டுப் பிரதமர் தொடர்ந்த வழக்கில் 2021இல் 1,33,000 சிங்கப்பூர் டாலர் தீர்ப்பானது. அதில் 33,000 டாலர் பிரதிவாதியின் நடத்தைக்காகச் சேர்த்த கூடுதல்.

மூன்றாவது, வாதியின் முன்பிருந்த பெயர். நல்ல பெயர் இருந்தது என்று சட்டம் ஊகித்துக்கொள்கிறது. அதை உடைக்கும் பாரம் பிரதிவாதியுடையது. ஆனால் எப்படி வேண்டுமானாலும் உடைக்க முடியாது. 1882இல் இங்கிலாந்தில் வகுத்த விதிப்படி, பொதுவாகவே அவருக்குக் கெட்ட பெயர்தான் என்பதைச் சாட்சிகள் வழியாகக் காட்டலாம். அவர் எங்கோ எப்போதோ செய்த தனித்தனிக் காரியங்களைத் தோண்டி எடுத்து நீட்ட முடியாது. வழக்கின் விஷயத்தோடு நேரடித் தொடர்புள்ள பின்னணிக்கு மட்டும் பின்னாளில் ஒரு வாசல் திறந்தது. ‘மற்ற பத்திரிகைகளும் இதையே எழுதின, அதனால் பெயர் ஏற்கெனவே போய்விட்டது’ என்ற வாதமும் செல்லாது. 1962இல் டிங்கிள் வழக்கில் பிரபுக்கள் சபை அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பத்துப் பேர் எழுதினால் பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரைக் காட்டித் தப்பித்துவிடுவார்கள் என்பதே காரணம்.

இப்போது வழக்கின் நடுவிலேயே தொகை ஏறி இறங்கும் இடத்துக்கு வருவோம். அவதூறு வெளியான நாளோடு சேதம் நின்றுவிடுவதில்லை. தீர்ப்பு நாள்வரை பிரதிவாதி நடந்துகொள்ளும் விதம் முழுக்கத் தராசில் ஏறுகிறது. மன்னிப்புக் கேட்க மறுப்பது, நோட்டீஸ் வந்த பிறகும் பதிவை நீக்காமல் வைத்திருப்பது, அதையே மறுபடி சொல்வது, ஆதாரமில்லாமல் ‘சொன்னது உண்மைதான்’ என்று கடைசிவரை வாதாடுவது, குறுக்கு விசாரணையில் வாதியை இன்னும் கேவலப்படுத்துவது ஆகியவை வாதியின் வேதனையைக் கூட்டுவதாகக் கருதப்பட்டு, தொகை உயர்த்தப்படும். கெய்ன்ஸ் வழக்கில் அடிப்படைத் தொகை 75,000 பவுண்டு. மீதி 15,000, அதாவது அதில் ஐந்தில் ஒரு பங்கு, பிரதிவாதித் தரப்பு விசாரணையில் நடந்துகொண்ட முறைக்காகச் சேர்ந்தது. உண்மை என்ற எதிர்வாதத்தை எடுக்கும் முன் கையில் சாட்சியம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம். அந்த எதிர்வாதம் தோற்றால் வழக்கு மட்டும் தோற்பதில்லை, தொகையும் ஏறுகிறது.

இறக்கும் வழிகளில் முதன்மையானது சீக்கிரம் வரும் மன்னிப்பு. சீக்கிரம் என்பதோடு, தெளிவாகவும் அவதூறு வந்த அதே அளவு கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் எழுதிவிட்டு உள்பக்கத்தின் அடியில் நான்கு வரி வருத்தம் தெரிவித்தால் பயன் மிகக் குறைவு. ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்கும் வாசகத்தை நீதிபதிகள் மன்னிப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு முறையான வழி வைத்திருக்கிறது: பிரதிவாதி எழுத்து மூலம் திருத்தமும் மன்னிப்பும் இழப்பீடும் தர முன்வந்தால், தொகையில் உடன்பாடு வராதபோது அதை மட்டும் நீதிபதி முடிவு செய்வார். 2004இல் நடிகர் ஜிம்மி நெயில் வழக்கில் இதற்காகத் தொகையில் பாதியைக் குறைத்ததை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அயர்லாந்து விமானி வழக்கில் அந்த முன்வருகை தாமதமாகவும் அரை மனதாகவும் இருந்ததால் கிடைத்த கழிவு 10 விழுக்காடு மட்டுமே.

அந்த ஐரிஷ் தீர்ப்பு தொகை கட்டப்படும் முறையைக் காட்டுவதற்கு மிக நல்ல உதாரணம். அடிப்படை இழப்பீடு 1,75,000 யூரோ. பிரதிவாதியின் நடத்தைக்காகக் கூடுதல் 50,000. மொத்தம் 2,25,000. அதில் 10 விழுக்காடு கழிவு 22,500. கையில் வந்தது 2,02,500. முதலில் ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுக்கப்படும் நடுவர் குழு) கொடுத்தது இதைவிட மிக அதிகம், இடைப்பட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்தது இதைவிட மிகக் குறைவு. ஒரே விஷயத்துக்கு மூன்று தொகைகள் வருவது இந்தத் துறையின் பலவீனம்தான். அதைக் குறைப்பதற்காகவே அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வழக்குகளைக் கனத்துக்கேற்பப் படிகளாகப் பிரித்துத் தொகை வரம்புகளும் சொன்னது.

பண நஷ்டம் தனிக் கணக்கு. வேலை போனது, ஒப்பந்தம் ரத்தானது, வாடிக்கையாளர் விலகியது என்று காட்டக்கூடிய இழப்புக்கு ஊகம் உதவாது; ஒவ்வொரு ரூபாயையும் நிரூபிக்க வேண்டும். இந்தப் பகுதியில்தான் மிகப் பெரிய தொகைகள் கிடைக்கின்றன, மிகப் பெரிய தொகைகள் உடைந்தும் போகின்றன. நடிகை ரெபெல் வில்சனுக்கு 2017இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் தீர்ப்பானது; அதில் 39 லட்சத்துக்கு மேற்பட்டது கைவிட்டுப்போன பட வாய்ப்புகளுக்காக. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியை முழுவதுமாக ரத்து செய்து 6 லட்சமாகக் குறைத்தது. கட்டுரைகளால்தான் அந்த வாய்ப்புகள் போயின என்ற சங்கிலி நிரூபிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு நடிகர் ஜெஃப்ரி ரஷ் வழக்கில் பொது இழப்பீடும் (பெயருக்கும் மன வேதனைக்குமானது) நடத்தைக்கான கூடுதலும் சேர்ந்த 8,50,000 டாலரோடு, வருமான இழப்புக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலரும் கிடைத்து மேல்முறையீட்டிலும் நிலைத்தது. அங்கே அவருடைய முந்தைய வருமானம், செய்தி வெளியான பிறகு அவர் வேலை செய்ய முடியாமல் போன நிலை ஆகிய இரண்டுக்கும் சாட்சியம் இருந்தது.

ஆகவே வருமான இழப்பு கேட்பவர் குறைந்தது இவற்றைத் தயார் செய்ய வேண்டும்: அவதூறுக்கு முந்தைய சில ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கும் வரவு செலவும், பிந்தைய காலத்துக்கு அதே கணக்கு, விலகியவர்களின் கடிதம் அல்லது அவர்களே கூண்டில் ஏறிச் சொல்லும் சாட்சி, வருமானம் குறைய வேறு காரணங்கள் இல்லை என்று காட்டும் விவரம். கடைசியானதைத்தான் வாதிகள் விட்டுவிடுகிறார்கள். சந்தையே படுத்திருந்த ஆண்டில் வியாபாரம் 30 விழுக்காடு குறைந்ததென்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே தொழிலில் உள்ள வேறு நிறுவனங்களின் கணக்கை எடுத்து நீட்டினால் போதும்.

நிறுவனங்களுக்கு மனம் நோகாது. அதனால் ஆறுதல் தொகை கிடையாது, வணிக நற்பெயரும் பணமும் மட்டுமே. இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி லாப நோக்குள்ள நிறுவனம் கடுமையான பண நஷ்டம் நேர்ந்தது அல்லது நேரக்கூடும் என்று காட்டாவிட்டால் வழக்கே நிற்காது. தனிநபருக்கும் அங்கே ‘கடுமையான தீங்கு’ என்ற வாசற்படி உண்டு. வார்த்தையின் கனத்தை மட்டும் பார்த்தால் போதாது, உண்மையில் விளைந்த தாக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று 2019இல் லஷோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வாயால் சொன்ன அவதூறுக்குப் பழைய விதி கடுமையானது: பண நஷ்டம் நிரூபித்தால்தான் வழக்கு. குற்றம் செய்தார் என்பது, தொழிலுக்குத் தகுதியற்றவர் என்பது போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. இந்தியாவில் பல உயர் நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைப் பின்பற்றுவதில்லை.

தண்டிப்பதற்கான இழப்பீடு எல்லா வழக்கிலும் வராது. 1964இல் பிரபுக்கள் சபை வகுத்தபடி, பிரதிவாதி ‘வழக்கு வந்தாலும் கட்ட வேண்டியதைவிட லாபம் அதிகம்’ என்று கணக்குப் போட்டு வெளியிட்டிருந்தால்தான் அது. எல்டன் ஜான் வழக்கில் ஜூரி 75,000 பவுண்டு இழப்பீடும் 2,75,000 பவுண்டு தண்டத் தொகையும் கொடுத்தது. மேல்முறையீட்டில் அவை 25,000, 50,000 எனச் சுருங்கின. உடல் ஊனத்துக்கு நீதிமன்றங்கள் கொடுக்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அனுமதித்ததும் அந்தத் தீர்ப்புதான். கை கால் இழந்தவருக்குக் கிடைப்பதைவிட ஒரு பத்திரிகைச் செய்திக்கு அதிகம் கிடைப்பது நியாயமாகப் படவில்லை. ஆஸ்திரேலியாவில் மாநிலங்கள் ஒரே மாதிரி இயற்றிய 2005ஆம் ஆண்டுச் சட்டங்கள் தண்டத் தொகையையே விலக்கிவிட்டு, பண நஷ்டம் அல்லாத இழப்பீட்டுக்கு, நடத்தைக்கான கூடுதல் சேராதபோது, 2,50,000 டாலர் உச்சவரம்பும் வைத்தன. அந்த வரம்பு ஆண்டுதோறும் உயர்கிறது. கனடா வரம்பு வேண்டாம் என்றது: 1995இல் ஹில் வழக்கில் பொது இழப்பீடு, நடத்தைக்கான கூடுதல், தண்டத் தொகை மூன்றும் சேர்த்து 16 லட்சம் டாலரை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அமெரிக்காவில் பேச்சுரிமை முன்னால் நிற்கிறது. 1964இல் சல்லிவன் வழக்குக்குப் பின், பொது அதிகாரி ஒருவர் வெல்ல வேண்டுமானால் பிரதிவாதி பொய் என்று தெரிந்தோ, பொய்யா என்று கவலைப்படாமலோ சொன்னார் என நிரூபிக்க வேண்டும். 1974இல் கெர்ட்ஸ் தீர்ப்பு, பொது விவகாரங்களில் இந்த அளவு நிரூபணம் இல்லாமல் ஊகத்தின் பேரில் இழப்பீடோ தண்டத் தொகையோ கூடாது என்றது. அந்தத் தடையைத் தாண்டிவிட்டால் ஜூரி கொடுக்கும் தொகை மிகப் பெரிது. 2024 ஜனவரியில் எழுத்தாளர் இ. ஜீன் கேரல் டொனால்டு டிரம்ப் மீது தொடர்ந்த வழக்கில் 8.33 கோடி டாலர் தீர்ப்பானது, அதில் 6.5 கோடி தண்டத் தொகை, 1.1 கோடி பெயரைச் சீர்செய்யும் பிரசாரச் செலவு. கெட்ட செய்தி போய்ச் சேர்ந்தவர்களிடம் திருத்தத்தைக் கொண்டுசேர்க்க எவ்வளவு ஆகும் என்று நிபுணரை வைத்துக் கணக்கிடும் இந்த முறை மற்ற நாடுகளிலும் கவனிக்கத்தக்கது. மாநிலச் சட்டங்களும் கத்தரி போடும்: ஜானி டெப் வழக்கில் ஜூரி விதித்த 50 லட்சம் டாலர் தண்டத் தொகை வர்ஜீனியாவின் உச்சவரம்பால் 3,50,000 ஆனது.

அடிமட்டத் தொகை வருவது எப்போது? சட்டப்படி வென்றாலும் காப்பாற்றத் தக்க பெயர் வாதியிடம் இல்லாதபோது. பந்தயத்தை விட்டுக்கொடுத்ததாக எழுதப்பட்ட கால்பந்துக் கோல்காப்பாளர் புரூஸ் குரோபெலாருக்கு ஜூரி 85,000 பவுண்டு கொடுத்தது. 2002இல் பிரபுக்கள் சபை அதை ஒரு பவுண்டாக்கியது. ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது நிரூபணமாகாவிட்டாலும் அவர் லஞ்சம் வாங்கியது மறுக்க முடியாததாக இருந்தது. 2022இல், பிட்காயினை உருவாக்கியவர் தானே என்று சொல்லிக்கொண்ட கிரெய்க் ரைட்டுக்கும் ஒரு பவுண்டுதான், நீதிமன்றத்தில் பொய்யான வழக்கை முன்வைத்ததற்காக. இப்படி வென்றவர் வழக்குச் செலவைத் தானே சுமக்கவும், சில நேரம் எதிரியின் செலவைக் கட்டவும் நேரும். இங்கிலாந்தில் பிரதிவாதி முன்பே முறைப்படி சமரசத் தொகை சொல்லியிருந்து, தீர்ப்பு அதைத் தாண்டாவிட்டால், அதற்குப் பிந்தைய செலவு பொதுவாக வாதியின் தலையில்தான்.

மறுமுனையில் அளவுக்கு மீறிய தொகையும் நிற்காது. 1989இல் ஒரு துண்டுப்பிரசுரத்துக்காக இங்கிலாந்து ஜூரி விதித்த 15 லட்சம் பவுண்டு கருத்துரிமையை மீறியது என்று 1995இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் டால்ஸ்டாய் மிலோஸ்லாவ்ஸ்கி வழக்கில் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் எதிர்க்கட்சி அரசியல்வாதி டாங் லியாங் ஹோங் மீது விதிக்கப்பட்ட 80 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை மேல்முறையீட்டில் 36.3 லட்சமாக இறங்கியது.

இந்தியாவில் உரிமையியல் அவதூறுக்குத் தனிச் சட்டம் இல்லை. மேலே சொன்ன பொதுச்சட்ட விதிகளே நடக்கின்றன. காலக்கெடு ஒரே ஒரு வருடம், கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம், வாதி இறந்துவிட்டால் வழக்கும் அவரோடு போகும். 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் முன்னாள் தூதர் ஒருவருக்கு 50 லட்சம் ரூபாயும் பிரதிவாதி தரப்பில் மன்னிப்பும் உத்தரவிட்டது. முற்றிலும் வேறு அளவில் நிற்பது 2011 புனே தீர்ப்பு: ஊழல் செய்தி ஒன்றில் சில விநாடிகள் தவறாக முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைக் காட்டிய தொலைக்காட்சிக்கு 100 கோடி ரூபாய். அவ்வளவு பெரிய தொகையை, மேலே சொன்ன எந்தப் படிநிலையிலும் வைத்து நியாயப்படுத்துவது கடினம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதை எதிர்த்து மேல்முறையீடு நடக்கும்வரை தீர்ப்பை நிறுத்திவைக்க, பம்பாய் உயர் நீதிமன்றம் 20 கோடியை ரொக்கமாகவும் 80 கோடிக்கு வங்கி உத்தரவாதமும் கேட்டது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. கீழ் நீதிமன்றத்தில் தொகையைப் பற்றிச் சாட்சியம் வைக்காமல் ‘மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருக்கும் பிரதிவாதி இந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். மேல் நீதிமன்றம் தொகையைத் தொட, அது சட்டக் கொள்கையில் தவறியது என்றோ, எந்த நியாயமான நீதிபதியும் எட்ட முடியாத அளவு என்றோ காட்ட வேண்டும். ‘கொஞ்சம் அதிகம்’ என்பது காரணம் ஆகாது. பார்வை எண்ணிக்கை, நீக்கிய நாளும் நேரமும், மன்னிப்பு வெளியான இடம், வாதியின் வருமானம் குறைந்ததற்கான வேறு காரணங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆவணங்களை, மின்னணுப் பதிவானால் அதற்குரிய சட்டச் சான்றிதழோடு, முதல் விசாரணையிலேயே பதிவாக்கிவிட வேண்டும்.